ஒத்துக்கொள்ளாத மாத்திரை: ஒரு புரோஸ்டேட் நோயாளியின் நிகழ்வு ஆய்வு

2024 ஜூன் மாதம் ஒரு நாள், விடியற்காலை மூன்று மணிக்கு, 67 வயதுப் பெரியவர் ஒருவரை அவருடைய மகள் டாக்சியில் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்து வந்தார். முந்தைய நாள் மாலை ஐந்து மணிக்குப் பிறகு ஒரு சொட்டுச் சிறுநீர்கூட இறங்கவில்லை. உட்காரவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. பதிவு முகப்பின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி நின்றிருந்தாராம். அடிவயிறு தொப்புளை எட்டும் அளவுக்குப் புடைத்திருந்தது. குழாய் செலுத்தியதும் 950 மில்லிலிட்டர் வெளியேறியது. 400, 500 மில்லிலிட்டர் சேர்ந்தாலே பெரும்பாலோருக்கு அடக்க முடியாமல் போய்விடும்.

உடனடிக் காரணம் எளிதில் தெரிந்துவிட்டது. மூக்கடைப்புக்காக, வீட்டில் மிஞ்சியிருந்த சளி மாத்திரைகளை இரண்டு நாளாக விழுங்கியிருக்கிறார். அதில் சூடோஎஃபெட்ரின் இருந்தது. மூக்கின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும் அந்த மருந்து சிறுநீர்ப்பை வாயிலில் உள்ள தசையையும் இறுக்கிவிடும். அதோடு கலந்திருந்த ஒவ்வாமை மருந்து சிறுநீர்ப்பை அழுத்தித் தள்ளும் வலுவைக் குறைக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்ப் பாதையைச் சுற்றி ஆண்களுக்கு இருக்கும் புரோஸ்டேட் சுரப்பி ஏற்கெனவே வீங்கியவருக்கு இது இரண்டு பக்கமும் அடி.

இந்த ஆய்வை நான் சளி மாத்திரையைப் பற்றிச் சொல்வதற்காக எழுதவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே அவருக்குச் சரியான மருந்து கொடுக்கப்பட்டிருந்தது. அது வேலையும் செய்தது. ஆறு வாரத்தில் அவரே நிறுத்திவிட்டார். ஏன் நிறுத்தினார் என்பதற்குக் கோப்பில் எழுதியிருந்த பதில் தவறானது. அந்தப் பதிலை நம்பித்தான் அடுத்த இரண்டு ஆண்டுகளும் கழிந்தன.

நான் சிறுநீரியல் வெளிநோயாளர் பிரிவில் பணியாற்றும் தாதி. பெரியவரின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளி

சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீடு. மனைவி, திருமணமான ஒரு மகள், இரண்டு பேரப்பிள்ளைகள். 31 ஆண்டுகள் பஸ் ஓட்டினார். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் பத்து ஆண்டுகளாக உண்டு. பலதுறை மருந்தகத்தில், அதாவது அரசாங்கப் பொது மருத்துவ நிலையத்தில், ஒழுங்காக மருந்து வாங்குகிறவர். புகைபிடிப்பதில்லை.

பஸ் ஓட்டுநர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவே கிடைக்கும் சில நிமிடங்களில்தான் அவர்கள் கழிவறைக்குப் போக முடியும். அடக்கிப் பழகியவர்கள். அதனாலேயே, வயதான பிறகு அடிக்கடி போக வேண்டியிருப்பதை நோயாகப் பார்ப்பதில்லை. "இத்தனை வருடம் அடக்கியதற்கு உடம்பு வட்டி கேட்கிறது" என்றுதான் இவரும் சொன்னார். 61 வயதில் தொடங்கியிருக்கிறது. முதலில் தாரை மெலிந்தது. பிறகு தொடங்கவே நேரம் பிடித்தது. பிறகு இரவில் மூன்று முறை, நான்கு முறை, ஐந்து முறை எழுந்திருக்க வேண்டி வந்தது.

அவர் இதை உடம்புச் சூடு என்று நினைத்தார். சூட்டைத் தணிக்க ஒவ்வோர் இரவும் படுக்கும் முன் இரண்டு கோப்பை பார்லித் தண்ணீர் குடித்தார். இரவில் எழுந்திருக்கும் எண்ணிக்கை கூடியது. சூடு இன்னும் இறங்கவில்லை என்று மூன்றாவது கோப்பையும் சேர்த்துக்கொண்டார். நம் வீடுகளில் சூடு, குளிர்ச்சி என்று பேசுவதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. என் அம்மாவும் அப்படித்தான். ஆனால் மருத்துவர் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லும்போது, எத்தனை மணிக்குக் குடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று இவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

குடும்பத்தார் கவனித்தும் பொருள் தெரியாமல் விட்ட அறிகுறி ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகத் தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுத்துவந்தவர், 2023இலும் 2024இலும் எடுக்கவில்லை. முழங்கால் வலி என்றார். சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில்வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். முழங்காலில் ஒன்றுமில்லை. பால்குடத்தைத் தலையில் வைத்துக்கொண்டு நடுவழியில் ஒதுங்க முடியாதே என்ற பயம்தான். தேக்காச் சந்தைக்குப் போவதையும் குறைத்துக்கொண்டார். போனால் நியூட்டனில் ரயில் மாறும்போது ஒருமுறை, லிட்டில் இந்தியாவில் இறங்கியதும் ஒருமுறை கழிவறைக்குப் போய்விட்டுத்தான் சந்தைக்குள் நுழைவார். பாதையில் உள்ள கழிவறைகளை மனப்பாடமாகச் சொல்லும் ஆணைப் பார்த்தால், புரோஸ்டேட் வீக்கம் இருக்குமோ என்று எனக்கு முதலில் தோன்றும்.

2022இல் நடந்தது

மகளின் வற்புறுத்தலால் ஒரு மருந்தகத்துக்குப் போனார். சிறுநீரில் கிருமி இல்லை. அறிகுறிகளை அளக்கும் ஏழு கேள்விப் படிவத்தில் 35க்கு 22 மதிப்பெண். 20ஐ எட்டினாலே கடுமையானது என்று பொருள். டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம், நாளைக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆல்ஃபா தடுப்பான் வகை மருந்து. புரோஸ்டேட்டிலும் சிறுநீர்ப்பை வாயிலிலும் உள்ள தசையைத் தளர்த்திவிடும். சில நாட்களிலேயே பலன் தெரியும். இவருக்கும் தெரிந்தது. ஐந்து முறை எழுந்தவர் இரண்டு முறை எழுந்தார்.

ஆறு வாரம் கழித்து நிறுத்தினார். அடுத்த சந்திப்பில் மருத்துவர் ஆங்கிலத்தில் கேட்க, மகள் மொழிபெயர்த்தார்.

"அப்பா, மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்கிறார்."

"ஒத்துக்கொள்ளவில்லை அம்மா."

"ஒத்துக்கொள்ளவில்லை என்றால்? தலை சுற்றுகிறதா?"

"அப்படித்தான்."

கோப்பில் ஒரு வரி ஏறியது: தலைசுற்றல் காரணமாக மருந்து நிறுத்தப்பட்டது. அந்த வரி என்ன செய்தது என்று பாருங்கள். இந்த வகை மருந்துகள் எல்லாமே இரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் இறக்கக்கூடியவை. ஏற்கெனவே இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், தலை சுற்றியது என்றும் சொல்லிவிட்டார். விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டால் என்ன ஆவது? ஆகவே அதே வகையில் வேறு மருந்தை யாரும் தர முன்வரவில்லை. சிறப்பு மருத்துவரிடம் அனுப்பினார்கள். அங்கேயும் மகள்தான் பேசினார். அந்தச் சந்திப்புகளில் ஒன்றில் நானும் அறையில் இருந்தேன். மகள் அருமையாகப் பேசினார், விவரம் தெரிந்தவர், என் வேலை மிச்சம் என்று நினைத்தேன். பெரியவரிடம் தமிழில் ஒரு வார்த்தைகூட நான் கேட்கவில்லை.

மகளின் மேல் ஒரு குற்றமும் இல்லை. அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு அப்பாவை அழைத்து வருகிறவர். ஆனால் எந்தத் தமிழ்த் தகப்பனும் மகளின் வாய் வழியாகச் சொல்ல முடியாத செய்திகள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் நாற்காலியில் மகளை உட்கார வைத்தது நாங்கள்தான்.

குழாயோடு மூன்று வாரம்

அடைப்பு ஏற்பட்டு ஐந்தாம் நாள் குழாயை எடுத்துப் பார்த்தோம். தண்ணீர் குடிக்கவைத்துக் காத்திருந்தோம். நான்கு மணி நேரத்தில் 60 மில்லிலிட்டர்தான் போனார். உள்ளே 480 தேங்கியிருந்தது. மறுபடியும் குழாய் போட வேண்டியதாயிற்று. "இன்னும் எத்தனை நாள்?" என்று அவர் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.

வயிற்றின் மேல் வைத்துப் பார்த்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் புரோஸ்டேட் 48 மில்லிலிட்டர். இளவயதில் ஏறக்குறைய 20 இருக்கும். அதைவிட முக்கியமாக, சுரப்பியின் நடுப்பகுதியான நடு மடல் சிறுநீர்ப்பைக்குள் 8 மில்லிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தது. இந்தத் துருத்தலை அளந்து மூன்று படிகளாகப் பிரிக்கும் முறை சிங்கப்பூரில் வளர்ந்தது என்பதை நம் மக்களில் பலர் அறியமாட்டார்கள். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையின் பேராசிரியர் ஃபூ கியோங் டாட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2003இல் வெளியிட்ட ஆய்வுகளில், துருத்தல் அதிகமாக ஆக அடைப்பு கடுமையாவதையும், குழாயை எடுத்தபின் தானாகச் சிறுநீர் கழிக்கும் வாய்ப்பு குறைவதையும் காட்டினார்கள். 5 மில்லிமீட்டருக்குள் முதல் படி, 10க்குள் இரண்டாம் படி, அதற்கு மேல் மூன்றாம் படி. சுரப்பி மொத்தத்தில் பெரிதாக இல்லாவிட்டாலும், உள்ளே துருத்தும் பகுதி வால்வைப்போல வாயிலை மூடிவிடும். இவர் இரண்டாம் படி.

சிறுநீரகம் நன்றாக இருந்தது. புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளந்து புற்றுநோய்ச் சந்தேகத்தைக் காட்டும் பி.எஸ்.ஏ. இரத்தப் பரிசோதனையை உடனே எடுக்கவில்லை. அடைப்பும் குழாயும் அந்த அளவைப் பொய்யாக ஏற்றிவிடும். ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். அவசரத்தில் எடுத்துவிட்டு, எண்ணைப் பார்த்துப் புற்றுநோயோ என்று குடும்பமே தூங்காமல் கிடந்த கதைகளைப் பார்த்திருக்கிறேன். பின்னால் எடுத்தபோது 2.6 வந்தது. ஆசனவாய் வழியாகச் செய்யும் விரல் பரிசோதனையிலும் கட்டி தட்டுப்படவில்லை.

அந்த மூன்று வாரமும் அவர் புளோக்கின் கீழ்த்தளத்துக்கு இறங்கவே இல்லை. தினமும் மாலையில் நண்பர்களோடு அங்கே உட்கார்ந்து நாளிதழ் படிப்பவர். தொடையில் கட்டும் சேகரிப்புப் பையைக் கைலிக்குள் மறைக்கலாம், யாருக்கும் தெரியாது என்று சொல்லிக் கொடுத்தேன். "தெரியாதுதான் தம்பி, நடக்கும்போது அது பேசுகிறதே" என்றார். பையில் நீர் தளும்பும் சத்தத்தைச் சொன்னார்.

பத்தாம் நாள் குழாயைச் சோதிக்க வந்திருந்தார். மகள் பணம் கட்டக் கீழே போயிருந்தார். நான் பையை மாற்றிக்கொண்டிருந்தபோது, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, ஒன்று கேட்கவா? தப்பாக நினைக்கக் கூடாது."

"கேளுங்கள் ஐயா."

"அந்தப் பழைய மாத்திரை என் தாதுவை வற்றவைத்துவிட்டது. ஒன்றுமே வரவில்லை. மறுபடியும் அதையே கொடுத்துவிடுவார்களோ?"

தலைசுற்றலா என்று கேட்டேன். ஒரு நாளும் தலை சுற்றியதில்லை என்றார்.

தாது என்ற சொல்லைப் புரிந்துகொள்ளாமல் இவரைப் புரிந்துகொள்ள முடியாது. ஏழு தாதுக்களால் ஆனது உடம்பு, கடைசித் தாது சுக்கிலம், உண்ணும் உணவின் சாரமெல்லாம் திரண்டு அதுவாகிறது என்று கேட்டு வளர்ந்த தலைமுறை. அது வற்றினால் உயிரின் வலுவே வற்றுகிறது. மனைவியோடு உறவு இன்னும் உண்டு. அந்த மாத்திரையைச் சாப்பிட்ட ஆறு வாரமும் விந்து வெளிவரவில்லை. சாகும் காலம் நெருங்குகிறது என்று நினைத்திருக்கிறார். இதை மகளிடம் எப்படிச் சொல்வார்? சொல்லாமலே மாத்திரையைக் குப்பையில் போட்டார்.

டாம்சுலோசினின் நன்கு அறியப்பட்ட பக்கவிளைவு இது. விந்து வெளியேறும் பாதையின் தசைகளையும் அது தளர்த்திவிடுவதால் வெளிவரும் அளவு குறையும், சிலருக்கு நின்றே போகும். எதுவும் வற்றுவதில்லை, மருந்தை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும். இவருக்கும் அப்படித்தான் ஆனது. அதே வகையைச் சேர்ந்த அல்ஃபுசோசினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. அன்றே மருத்துவரிடம் சொன்னேன். அல்ஃபுசோசின் 10 மில்லிகிராம், உணவுக்குப் பின் ஒன்று என்று தொடங்கினார்கள். பதினொரு நாள் கழித்துக் குழாயை எடுத்தோம். 230 மில்லிலிட்டர் போனார். உள்ளே 140. கழிவறையிலிருந்து அளவுக் குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வெளியே வந்தார்.

எதைத் தேர்வது

மருந்தோடு நான்கு மாதம் ஓடியது. பார்லித் தண்ணீரை மாலை ஆறு மணிக்குமுன் மாற்றினார். சர்க்கரை அளவைக் கட்டுக்குள் கொண்டுவந்தது, இரவில் ஊறும் சிறுநீரையும் குறைத்தது. ஆனாலும் அக்டோபரில் அறிகுறி மதிப்பெண் 18. தாரையின் உச்ச வேகம் நொடிக்கு 7 மில்லிலிட்டர். 10க்குக் கீழே இருந்தால் அடைப்பு என்றே சந்தேகிப்போம். மீதி தேங்குவது 190 ஆகக் கூடியிருந்தது. ஒரு முறை கிருமித் தொற்றும் வந்துவிட்டது. அடுத்த அடைப்புக்குக் காத்திருக்க அவருக்கு மனமில்லை.

இந்தக் கட்டத்தில் மருத்துவர் அரை மணி நேரம் ஒதுக்கினார். நான் மொழிபெயர்த்தேன். பெரியவர் இம்முறை மனைவியை அழைத்து வந்திருந்தார்.

சுரப்பியைச் சுருக்கும் மருந்துகளான ஃபினாஸ்டெரைடு, டுடாஸ்டெரைடு முதலில் பேசப்பட்டன. ஆல்ஃபா தடுப்பானோடு சேர்த்தால் நல்ல பலன் உண்டு. 2003இல் வெளிவந்த பெரிய அமெரிக்க ஆய்வில், இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு நோய் முற்றும் ஆபத்து 66 விழுக்காடு குறைந்தது. ஆனால் பலன் தெரிய ஆறு மாதம்வரை ஆகும், சிலருக்கு நாட்டமும் விறைப்பும் குறையும். பி.எஸ்.ஏ. அளவையும் பாதியாக்கிவிடும் என்பதால், பின்னால் வரும் எண்ணை இரட்டிப்பாக்கித்தான் படிக்க வேண்டும். பெரியவர் தலையை ஆட்டி மறுத்தார்.

சிறுநீர்ப் பாதை வழியாகக் கருவி செலுத்திச் சுரப்பியின் உட்பகுதியைச் சீவி எடுக்கும் அறுவை சிகிச்சை, பல பத்தாண்டுகளாகத் தலைமைச் சிகிச்சையாக இருக்கிறது. அடைப்பை நீக்குவதில் அதற்கு இணையானவை குறைவு. ஹோல்மியம் லேசரால் குடைந்தெடுக்கும் முறை, மிகப் பெரிய சுரப்பிக்கும் பொருந்தும். இரண்டிலும், செய்துகொண்டவர்களில் பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். மாத்திரையைப்போல நிறுத்தித் திரும்பப் பெற முடியாது; நிரந்தரம். 2022இன் கோப்பை மட்டும் வைத்திருந்தால், இவருக்கு இதைத்தான் நேராகப் பரிந்துரைத்திருப்பார்கள். மருத்துவ நோக்கில் அது சரியான பரிந்துரையாகவும் இருந்திருக்கும். அதன் பிறகு அவர் எங்களிடம் திரும்பி வந்திருப்பாரா என்று எனக்கு உறுதியில்லை.

மடல்களை உள்ளே பொருத்தும் சிறு கருவிகளால் இழுத்துக் கட்டும் யூரோலிஃப்ட் முறையில் விந்து பாதிக்கப்படுவது மிக அரிது. ஆனால் துருத்திய நடு மடலுக்கு அது நன்றாகப் பொருந்தாது. கடைசியாக ரெசூம்: சுரப்பிக்குள் ஊசி வழியாக ஒவ்வோர் இடத்திலும் ஒன்பது நொடி நீராவி செலுத்துவார்கள். வெந்த திசு சில வாரங்களில் கரைந்து உடம்பாலேயே அகற்றப்படும். 30 முதல் 80 மில்லிலிட்டர்வரையிலான சுரப்பிகளில் சோதிக்கப்பட்டது, நடு மடலுக்கும் பொருந்தும், பெரும்பாலோருக்கு விந்து வெளிவருவது காக்கப்படும். அறுவை சிகிச்சை அளவுக்கு அடைப்பு முழுதாக நீங்காது. முதல் சில வாரங்கள் எரிச்சலும் அவசரமும் முன்பைவிட மோசமாகவும் இருக்கும். அதன் ஆய்வில் ஐந்து ஆண்டுகளில் 4.4 விழுக்காட்டினருக்கு மறுபடியும் ஓர் அறுவை சிகிச்சை தேவைப்பட்டது.

மனைவி, "எனக்கு இவர் ராத்திரி தூங்கினால் போதும்" என்றார். பெரியவர் அவரைப் பார்த்துவிட்டு, "எனக்கு அது மட்டும் போதாது" என்றார். மருத்துவரிடம் அதை மொழிபெயர்த்தபோது என் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. ரெசூம் என்று முடிவாயிற்று.

பணத்தைப் பற்றியும் பேசினோம். பலதுறை மருந்தகத்தின் பரிந்துரைக் கடிதத்தோடு வந்ததால் மானியக் கட்டணம். 1950களில் பிறந்த சிங்கப்பூரர்களுக்கு அரசாங்கம் தரும் மெர்டேக்கா தலைமுறை அட்டையால் வெளிநோயாளர் கட்டணம் இன்னும் குறைந்தது. புரோஸ்டேட் வீக்கம், மருத்துவச் செலவுக்கான கட்டாயச் சேமிப்பாகிய மெடிசேவ் பணத்தைப் பயன்படுத்தக்கூடிய நாட்பட்ட நோய்களின் பட்டியலில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியாது. நீரிழிவுக்கு மட்டும்தான் என்று எண்ணி, 2022இல் சிறுநீர் மாத்திரைக்குக் கைப்பணம் கொடுத்திருக்கிறார். கட்டணக் கேள்விகளை மருத்துவச் சமூக ஊழியரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

இன்னொன்று, வேறு எங்கும் பொருந்தாததால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டாம்சுலோசின் போன்ற மருந்தை எப்போதாவது சாப்பிட்டவர்கள், கண்புரை அறுவைக்கு முன் அதைக் கண் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். கருவிழிப் படலம் தொய்ந்துபோய் அறுவையைச் சிக்கலாக்கும் என்பது 2005இலிருந்தே தெரியும். புரோஸ்டேட்டும் கண்புரையும் ஒரே வயதில்தான் வருகின்றன.

பிறகு

நவம்பர் மத்தியில் ரெசூம் நடந்தது. அன்று மாலையே வீடு திரும்பினார். ஐந்து நாள் குழாய். முதல் மூன்று வாரம் கடுமையான எரிச்சல், இரண்டு முறை தொலைபேசியில் அழைத்து, "தப்பு செய்துவிட்டேனா தம்பி?" என்று கேட்டார். முன்பே சொல்லியிருந்ததால்தான் தாங்கிக்கொண்டார் என்று நினைக்கிறேன். பிப்ரவரியில் மதிப்பெண் 9, உச்ச வேகம் 13, தேங்குவது 55. இரவில் ஒரு முறை, சில நாள் இரண்டு முறை எழுகிறார். அல்ஃபுசோசினை நிறுத்தியாயிற்று. தாதுவைப் பற்றி அவராகவே சொன்னார்: "கொஞ்சம் குறைவு, ஆனால் இருக்கிறது."

எங்கள் பிரிவில் ஒரு வழக்கம் மாறியிருக்கிறது. ஆண் நோயாளி யாரோடு வந்தாலும், முதல் பத்து நிமிடம் அவரிடம் தனியாக, அவருடைய மொழியில் பேசுகிறோம். தமிழ் பேசும் ஊழியர் இல்லாத நாளில், வேறு பிரிவிலிருந்து அழைக்கிறோம். "பக்கவிளைவு உண்டா?" என்று கேட்பதில்லை. "இந்த மாத்திரை சாப்பிட்ட சிலர், மனைவியோடு இருக்கும்போது மாற்றம் தெரிகிறது என்று சொல்கிறார்கள், உங்களுக்கு எப்படி?" என்று கேட்கிறோம். தமிழ்ப் பெரியவர்களிடம் தாது என்ற சொல்லையே பயன்படுத்துகிறேன். மகளும் இதைப் பற்றிக் கேட்டார். எதைச் சரியாக மொழிபெயர்க்கவில்லை என்று கேட்டார். எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தீர்கள் அக்கா என்றேன். அதற்கு மேல் சொல்ல அவருடைய அப்பாவின் அனுமதி எனக்கு இருக்கவில்லை.

பிப்ரவரிச் சந்திப்புக்கு, மூன்று நாள் சிறுநீர்க் குறிப்பை எழுதி வரச் சொல்லியிருந்தோம். நேரமும் அளவும் எழுத வேண்டும். பஸ் ஓட்டிய காலத்துப் பழக்கம். கோடு போட்ட தாளில், நேரத்தை நிமிடம் பிசகாமல் எழுதியிருந்தார். நடுவில் இருந்த நாள் 11.2.2025, தைப்பூசம். அந்தப் பத்தியில் இருந்தது இவ்வளவுதான்: "3.50, வீடு, 260. 5.15, பெருமாள் கோயில், அளக்கவில்லை. 7.40, டேங்க் ரோடு, அளக்கவில்லை. நடுவில் இல்லை."